அபினாவுக்கு ஆகாதது

பூசையில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறவர்களுக்கான புதுநன்மை வகுப்பு முடிந்து பிள்ளைகளெல்லாம் கோயில் முற்றத்து மணலில் ஓடிக்கொண்டிருந்தபோது, சிஸ்டர் ஜெப்சி கிளாராவை மட்டும் கைகாட்டி நிறுத்தினாள். தங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த மற்ற தாய்மார்களும் நகராமல் நின்றுவிட்டார்கள். செருப்பைத் தேடுவதுபோல ஒருத்தி, குடையை மடக்குவதுபோல ஒருத்தி.

"கிளாராக்கா, தப்பா எடுக்கப்பிடாது. அபினாவுக்கு இந்த வருஷம் நன்மை வேண்டாம்னு தோணுது. அடுத்த வருஷம் குடுக்கலாம்."

"எதுக்கு சிஸ்டரே? ஜெபம் சொல்லலியா?"

"ஜெபமெல்லாம் நல்லா சொல்றா. மத்த பிள்ளைகளைவிட நல்லாவே சொல்றா. இருக்கத்தான் மாட்டேங்கறா. நான் பத்துக் கட்டளை சொல்லிட்டிருக்கேன், இவ மாதா சுரூபத்துல ஏறி, தலையில இருந்த பூவை எடுத்து எனக்கு வச்சுவிட வாறா. பூசையில அப்படிச் செஞ்சா என்ன பண்ணுறது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். கிளாராவுக்குக் காது இரண்டும் சுட்டன. இரணியலில் மீன் விற்றுவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தாள். மீன் சுமக்கும் சருவம் காலியாகக் கையில் இருந்தது. மீன் வாடை சிஸ்டருக்கு அடிக்குமோ என்று ஓரடி பின்னால் தள்ளியே நின்றாள்.

"வெள்ளை ஃபிராக் தைக்கக் குடுத்தாச்சு சிஸ்டரே. அவளுக்க அப்பா கொச்சியில இருந்து வாறாரு. சனத்தையெல்லாம் கூப்பிட்டாச்சு. இனி வேண்டாமெண்ணு சொன்னா நான் ஊருக்குள்ள எப்படி நடப்பேன்? அண்ணைக்கு அவ அனங்காம இருப்பா. அதுக்கு நான் பொறுப்பு."

சிஸ்டர் சற்று யோசித்துவிட்டு, சரி, பார்ப்போம் என்றாள்.

குளச்சலுக்கு மேற்கே உள்ள கடற்கரை ஊர் அது. கிளாராவின் புருஷன் மரியஜான் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை. போனால் வாரக்கணக்கில் கரை தெரியாது. கிளாரா விடியுமுன் எழுந்து கடற்கரை ஏலத்துக்குப் போவாள். சாளையோ அயலையோ நெத்தோலியோ, கிடைத்ததை எடுத்து ஐஸ் போட்டு, நாலைந்து பெண்களோடு ஆட்டோவில் இரணியலுக்குப் போய், தெருத்தெருவாகத் தலையில் சுமந்து விற்பாள். "மீனே... மீன்" என்று அவள் குரல் கொடுத்தால் ரயில் நிலையத்துப் பக்கம் வரை கேட்கும்.

அபினா ஒரே பிள்ளை. எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடுவாள். மற்ற பிள்ளைகளின் பென்சிலை எடுப்பாள். கேள்வி முடியுமுன் பதில் சொல்லுவாள். டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்ட பிறகு, கிறிஸ்துமஸ் விடுமுறையில் மரியஜான் ஊரில் இருந்தபோது, இருவரும் பிள்ளையை நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் சஜிதா இளம் வயதுக்காரி. நிறைய நேரம் பேசினாள். ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னாள். மூளை வேலை செய்யும் விதம் கொஞ்சம் வேறு, அவ்வளவுதான், வளர்த்த குற்றமும் இல்லை, பிள்ளையின் குற்றமும் இல்லை என்றாள். மாத்திரை எழுதித் தந்து, காலையில் நன்றாகச் சாப்பிட்ட பிறகுதான் தர வேண்டும், இல்லாவிட்டால் பசி மந்தமாகும் என்றும் சொன்னாள். கிளாராவின் காதில் அந்த நாலு இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் விழுந்தன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றே யோசித்து வந்தாள். கடைசியில் வயிற்றுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

மாத்திரை கொடுத்த சில வாரத்தில் பிள்ளை எழுதுவதற்கு உட்கார்ந்தாள். ஆனால் மரியஜானின் அக்காள் அன்னக்கிளி அதைப் பார்த்துவிட்டாள். கிளாரா ஏலத்துக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான்.

"ஏட்டி கிளாரா, இது வயித்துக்கு உள்ள மாத்திரை இல்லியே. இது மூளைக்கு உள்ளதாக்கும்."

"ஆரு மைனி சொன்னா?"

"மருந்துக்கடைப் பய சொன்னான். பைத்தியத்துக்குக் குடுக்கப்பட்டதை பச்சப் பிள்ளைக்குக் குடுக்கியா? பொம்பளைப் பிள்ளையாக்கும். நாளைக்கு விசயம் வெளிய தெரிஞ்சா இவளை ஆரு கெட்டுவா?"

அதோடு மாத்திரை அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. மரியஜான் கரைக்கு வந்து ஃபோன் செய்து கேட்கும்போதெல்லாம், "குடுக்கேன், குடுக்கேன்" என்றாள்.

ஊருக்குள் யாரிடமும் சொல்லாததை கிளாரா இரணியலில் லீலாபாய் டீச்சரிடம் சொன்னாள். அங்கே சொன்னது கடற்கரைக்கு வராது என்ற தைரியம். லீலாபாய் ஓய்வுபெற்ற டீச்சர். தனியாக இருப்பவள். கிளாரா வந்தால் பின்முற்றத்தில் முக்காலி போட்டு, மீனை அறுத்துத் தரச் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பாள். சிஸ்டர் சொன்னதைக் கிளாரா அன்றைக்கு அழாத குறையாகச் சொன்னாள். சித்திரை வெயில் முற்றத்தில் கொதித்தது. சாளைச் செதிள் அவள் முழங்கை வரை ஒட்டியிருந்தது.

"எனக்க அனியத்தி, இளையவளுக்க பேரனுக்கும் இதே காரியம்தான் கிளாரா. துபாயில இருக்கான். அவிய சாப்பாட்ட மாத்திப் பாத்தாவளாம். ஒரு வீடியோ அனுப்பியிருக்கா, பாரு."

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதில் பேசினார். கலர் போட்ட பண்டம், சீனி, கோதுமை, பால், இவைதான் பிள்ளைகளைத் துள்ள வைக்கின்றன, இவற்றை நிறுத்தினால் மாத்திரையே வேண்டாம் என்றார். கிளாரா மீன் கையோடு குனிந்து, இரண்டாவது தடவையும் போடச் சொல்லிக் கேட்டாள்.

"டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் செய்யி, கேட்டியா? எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்காது," என்றாள் லீலாபாய்.

"கேக்கேன் டீச்சரே," என்றாள் கிளாரா. கேட்கவில்லை. மாத்திரை வேண்டாம் என்ற சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. சாப்பாட்டுக் குற்றம் என்றால் யாரிடமும் சொல்லலாம். பிள்ளைக்குக் கோதம்பு ஆகாது என்றால் ஊர் சிரிக்காது.

அதுவரை அபினா தின்றதெல்லாம் கடைத்தீனிதான். அவள் எழும்போது அம்மா வீட்டில் இருக்கமாட்டாள். அன்னக்கிளி டீக்கடையில் ஒரு பரோட்டாவோ கிரீம் பன்னோ வாங்கிக் கொடுப்பாள். பள்ளிக்குப் போகும் வழியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாக்கெட். சாயங்காலம் நூடுல்ஸ். கிளாரா கொண்டுபோன மீனில் நல்லதெல்லாம் இரணியல் அடுப்புகளில் வெந்தது. மிஞ்சி வரும் வயிறு வெடித்த மீனை அவள் கறி வைத்து இறக்கும்போது பிள்ளை தெருவில் இருப்பாள். பிடித்து உட்கார்த்தினாலும் முள் எடுக்கும் அளவுக்குப் பொறுமை கிடையாது.

மறுநாளே எல்லாவற்றையும் நிறுத்தினாள் கிளாரா. பரோட்டா இல்லை, பன் இல்லை, பிஸ்கட் இல்லை, பால் விட்ட சாயா இல்லை, சீனி இல்லை. முட்டை சூடு என்று அன்னக்கிளி சொன்னதால் முட்டையும் இல்லை. முந்தின நாள் ராத்திரி வைத்த கஞ்சியும் தொட்டுக்கத் தேங்காய்ச் சம்மந்தியும் மூடி வைத்துவிட்டு ஏலத்துக்குப் போனாள். மத்தியானமும் அதுதான். சில நாள் அவித்த மரச்சீனிக் கிழங்கு. பிள்ளையை மடியில் இருத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

"மக்கா, இதெல்லாம் உனக்கு ஆகாது, கேட்டியா? தின்னா நீ ஓடுவ. ஓடினா ஆளுக சிரிப்பாவ. அம்மைக்கு நாணக்கேடு. தின்னாம இருந்தியெண்ணா நல்ல பிள்ளை ஆயிருவ."

"கோதம்பு தின்னா ஓடுவேனாம்மா?"

"ஓடுவ."

"அப்ப, தின்னாம இருந்தா சிஸ்டர் ஏசமாட்டாவளா?"

"ஏசமாட்டாவ."

சொன்னதை மறந்துபோகும் பிள்ளை என்று பேரெடுத்தவள், இதை மட்டும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெஸ்பினின் பிறந்தநாளில் எல்லாப் பிள்ளைகளும் கேக்குக்கு மொய்த்தபோது, அபினா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஜெஸ்பினின் தாய் ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனபோதும் தலையை ஆட்டிவிட்டாள். "இது அபினாவா?" என்று கேட்டார்கள் பெண்கள். கிளாரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் தலை நிமிர்ந்து நடந்த நாள் அது.

பிள்ளை அடங்கித்தான் போனாள். மத்தியானத்தில் பாயில் சுருண்டு கிடந்தாள். சிஸ்டரின் வகுப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாயங்காலமானால் மட்டும் ஒன்றுமில்லாததற்குக் கத்தி, கையில் கிடைத்ததை எறிந்தாள். சில நாள் கஞ்சிப்பானையைக் கவிழ்த்து ஒட்டினதை விரலால் வழித்தபடி, "இன்னும் கொஞ்சம் உண்டாம்மா?" என்பாள். "அடுத்த நேரம் தின்னலாம், போ," என்பாள் கிளாரா. தையல்காரி ஃபிராக்கை இடுப்பில் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள்.

"மாத்திரை ஒண்ணும் இல்லாமலே செரியாச்சு டீச்சரே," என்று லீலாபாயிடம் சொன்னாள் கிளாரா. "டாக்டரும் செரி எண்ணு சொல்லிட்டாவ." அந்தப் பொய் அவள் வாயிலிருந்து வழுவழுவென்று வந்தது.

மழைக்காலத்தில் விசைப்படகுகளை நிறுத்திவைக்கும் ட்ராலிங் தடைக்கு முன்னாலேயே மரியஜான் லீவு சொல்லி வந்து சேர்ந்தான். பிள்ளையைத் தூக்கினவன் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

"என்னட்டி, இப்படி காஞ்சு போச்சு?"

"வளருற பிள்ளையாக்கும். நெட்டுக்குப் போறா."

"மாத்திரை தின்னுதாளா?"

"நிய போயி பந்தல்காரனைப் பாருங்க," என்றாள் கிளாரா.

புதுநன்மை அன்று கோயில் நிறைந்து வழிந்தது. வைகாசிப் புழுக்கம். மின்விசிறிகள் சுற்றியும் காற்று இல்லை. வெள்ளை ஃபிராக்கும் பூமுடியும் வைத்த பெண்பிள்ளைகளும், வெள்ளைச் சட்டை போட்ட ஆண்பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தார்கள். அபினா அசையவில்லை. பிரசங்கம் முடியும்வரை அசையவில்லை. சிஸ்டர் ஜெப்சி திரும்பி கிளாராவைப் பார்த்துச் சிரித்தாள். கிளாராவுக்குக் கண் நிறைந்தது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பீடத்தின் முன்னால் போனார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கேமராக்காரன் வெளிச்சம் அடித்தான். அபினாவின் முறை வந்தது. ஃபாதர் நன்மை அப்பத்தை உயர்த்தி, "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார். ஆமென் சொல்ல வேண்டிய பிள்ளை, அண்ணாந்து அவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஃபாதர், இது கோதம்பு மாவா?"

ஃபாதருக்கு முன்னால் மைக் இருந்தது. கேள்வி கோயில் முழுக்கக் கேட்டது. அவர் குனிந்து, "ஆமா மக்கா, கோதம்புதான்," என்றார். அபினா வாயை இறுக மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கூப்பின கையோடு திரும்பி, அடிமேல் அடி வைத்து, சொல்லிக்கொடுத்தபடியே தன் இடத்துக்கு நடந்து வந்தாள்.

முதலில் ஒரு சிரிப்பு. பிறகு பெஞ்சு பெஞ்சாக அது பரவிற்று. "நன்மை வேண்டாமெண்ணு சொல்லிட்டாளே," என்று ஒரு கிழவர் உரக்கச் சொன்னார். கேமராக்காரனும் சிரித்துக்கொண்டே வெளிச்சம் அடித்தான். கிளாரா எழுந்ததும், முன்வரிசைக்குப் போனதும், பிள்ளையின் கையைப் பிடித்துப் பக்கவாசல் வழியாக இழுத்துக்கொண்டு வந்ததும் அவளுக்கே பிறகு சரியாக நினைவில்லை. வெளியே கொடிமரத்துப் பக்கத்தில் வைத்து ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"ஊருக்கு முன்னால என்னைக் கொன்னுட்டியே, பாவி."

பூமுடி மணலில் விழுந்தது. அபினா அழவில்லை. கன்னத்தில் கைவைத்து, என்ன தப்பு என்று தெரியாதவளாக அம்மாவைப் பார்த்தாள். அப்படியே கால் மடிந்து மணலில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது. நன்மைக்கு முன் ஒன்றும் தின்னக் கூடாது என்று காலையில் கஞ்சியும் கொடுத்திருக்கவில்லை. பின்னாலேயே ஓடிவந்த மரியஜான் அவளை அள்ளித் தோளில் போட்டான். கோயில் சன்னல்களில் முகங்கள் நின்றன. பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்பதற்கு முன்னால், எல்லாரும் பார்க்கிறார்களே என்பதுதான் கிளாராவின் மனசில் முதலில் வந்தது.

வீட்டில் பந்தலில் பிரியாணி மணத்தது. கூப்பிட்ட சனம் வந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளறையில் மரியஜான் பிள்ளையை மடியில் வைத்துக் கருப்பட்டி வெள்ளம் புகட்டினான். கிளாரா வாசல்படியில் ஒரு தட்டோடு நின்றாள்.

"ஏம் மக்கா நன்மை வேண்டாமெண்ணு சொன்ன?" என்று கேட்டான் மரியஜான்.

"அது கோதம்பு எண்ணு ஃபாதர் சொன்னாருல்லா."

"அதுக்கு?"

"கோதம்பு தின்னா நான் ஓடுவேன். அங்க நிறைய ஆளு இருந்தாவ. நான் ஓடியிருந்தா அம்மைக்கு நாணக்கேடு." மறுபடியும் சொன்னாள். "சேசுசாமி உள்ள போனாலும் ஓடுவேனா எண்ணு எனக்குத் தெரியாதுல்லா அப்பா. பயமாட்டு இருந்து. அதான் கேட்டேன்."

மரியஜான் பிள்ளையின் தலையைத் தடவினான்.

"மாத்திரை தின்னியா?"

"அது நிறுத்தியாச்சே. அது பைத்தியத்துக்கு உள்ளது. நான் பைத்தியம் இல்லல்லா."

அவன் நிமிர்ந்து கிளாராவைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள்.

"குடுக்கேன் எண்ணுதானே ஃபோனில சொன்ன?"

பந்தலிலிருந்து அன்னக்கிளி கூப்பிட்டாள். "ஏட்டி கிளாரா, பப்படம் எங்க வச்சிருக்க?" தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போய் பப்படம் எடுத்துக் கொடுத்தாள். வந்தவர்களுக்கு மோர் விட்டாள். பிள்ளைக்கு எப்படி இருக்கு என்று கேட்டவர்களிடம், "வயித்துக்கு ஆகல்ல," என்றாள். அந்தச் சொல் இப்போது நாக்கில் மணல்போல நறநறத்தது.

அந்த வாரமே மரியஜான் அவர்களை டாக்டர் சஜிதாவிடம் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. எடையும் குறைந்திருந்தது. டாக்டர் கிளாராவைப் பார்த்துப் பேசினாள்.

"காலையில என்ன சாப்பிடுவா?"

"கஞ்சி."

"தொட்டுக்க?"

"சம்மந்தி."

"மீன், முட்டை, பயறு?"

கிளாரா தலையை ஆட்டினாள்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

மரியஜான்தான் சொன்னான். "மீன் விக்கா டாக்டரே. நான் கடலுக்குப் போறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. பேனாவை மேசைமேல் வைத்தாள். அதுதான் கிளாராவுக்கு அறை வாங்கினதுபோல இருந்தது. எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் கையால் முள் நீக்கி, துண்டு போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். அவர்கள் பேர்கூடத் தெரியும்.

"நான்தான் மாத்திரையை நிறுத்தினேன்," என்றாள், தரையைப் பார்த்து. "இவிய கிட்டயும் சொல்லல்ல. பிள்ளையை அடிச்சேன், கோயில்ல வச்சு. சாப்பாட்ட மாத்தினா செரியாவும் எண்ணு ஒரு வீடியோவில சொன்னாவ."

"சாப்பாட்டுல கவனம் வச்சது தப்பில்லம்மா. சாப்பாடு நிறையவே உதவும். நீங்க எடுத்தத எடுத்தீங்க, அந்த இடத்துல ஒண்ணும் வைக்கல. அதுதான் பிரச்சினை." டாக்டர் மெதுவாகச் சொன்னாள். "காலையில வயிறு நிறைய மீனோ முட்டையோ பயறோ கொடுங்க. அதுக்கப்புறம் மாத்திரை. பசி நேரம் தவறக்கூடாது. பசிச்சா இந்தப் பிள்ளைங்களுக்கு ஆட்டமும் கோபமும் கூடும். இரும்புச்சத்துக்கு மருந்து தர்றேன், கீரையும் கொடுங்க. கலர் பாக்கெட்டு சில பிள்ளைகளுக்கு ஒத்துக்காது, அத விட்டுப் பாருங்க. கோதுமையும் பாலும் இவளுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா சாப்பாடு மட்டும் இத முழுசா மாத்திரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. யாரு என்ன சொன்னாலும் எங்கிட்ட கேளுங்க. நான் ஏசமாட்டேன்."

"டாக்டர் ஆன்ட்டி, அப்ப நான் கோதம்பு தின்னா ஓடமாட்டேனா?" என்று கேட்டாள் அபினா. அதற்குள் அவள் எடைபார்க்கும் கருவியில் ஏறி இறங்கி, மறுபடி ஏறியிருந்தாள்.

"கோதம்பு தின்னாலும் ஓடுவ, தின்னாட்டாலும் ஓடுவ. அது உனக்க தப்பு இல்ல," என்றாள் டாக்டர், ஊர்ப்பேச்சிலேயே.

அபினா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது ஒன்றும் இல்லை. கிளாரா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. நாட்டு வள்ளங்கள்தான் கடலுக்குப் போய்வந்தன. கிளாரா ஏலத்தில் மீன் எடுத்ததும் முதலில் வீட்டுக்கு வந்தாள். அயலையைப் பொரித்து வைத்துவிட்டு இரணியலுக்குப் போனாள். பெண்கள் ஆட்டோவில் காத்திருந்து முணுமுணுத்தார்கள். மரியஜான் புட்டும் சிறுபயறும் அவித்தான். அபினா ஒரு வாய் தின்றுவிட்டு மழை பார்க்க ஓடுவாள். வந்து இன்னொரு வாய் தின்பாள். அவன் முள் நீக்கின மீனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். தின்று முடித்த பிறகு மாத்திரை. வெளுத்த உதட்டில் மெல்லச் சிவப்பு ஏறியது. பள்ளிக்கூடம் திறந்தபின் பாதிப் பக்கம் எழுதியவள் ஒரு பக்கம் எழுதினாள். கலர் பாக்கெட் தின்ற நாளில் ஆட்டம் கூடினதுபோலத் தோன்றியதால் அதை மட்டும் விட்டார்கள். மற்றபடி ஓடினாள், பென்சில் எடுத்தாள், கேள்வி முடியுமுன் பதில் சொன்னாள், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. அவ்வளவுதான்.

லீலாபாய் டீச்சர் வீட்டுக்குப் போவதைக் கிளாரா பல நாள் தவிர்த்தாள். அந்தத் தெருவுக்கு முந்தின தெருவிலேயே திரும்பிவிடுவாள். ஒரு நாள் டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கே வந்து நின்றாள்.

"என்ன கிளாரா, என் மேல ஏதும் வருத்தமா?"

பின்முற்றத்துத் தாழ்வாரத்தில் மீன் அறுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். "டாக்டர் கிட்ட கேட்டேன் எண்ணு நிங்க கிட்ட பொய் சொன்னேன் டீச்சரே. நிங்க கேக்கச் சொன்னிய. எனக்குக் கேக்க மனசில்ல."

லீலாபாய் மழையைப் பார்த்தபடி சொன்னாள். "துபாய்ப் பிள்ளைக்கு மாத்திரையும் உண்டு கிளாரா. எனக்கு அது தெரியும். நான் உனக்கிட்ட சொல்லல்ல. சாப்பாட்டுலயே செரியாவும் எண்ணு சொன்னா நீ சந்தோசப்படுவ எண்ணு நெனச்சேன்." கிளாரா துண்டுகளைக் கழுவிச் சட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

அபினாவின் நன்மை பாக்கி கிடந்தது. மரியஜான் கேட்டபோது ஃபாதர், "எண்ணைக்கு வேணுமெண்ணாலும் கூட்டிட்டு வாங்க," என்றார். ஒரு வாரநாள் சாயங்காலப் பூசைக்குப் போனார்கள். ஃபிராக் இல்லை, கேமரா இல்லை. அபினா பள்ளிக்கூட உடுப்பில் இருந்தாள். மழையில் வந்த சனம் கொஞ்சம்தான். அதிலும் பாதிப்பேர் அன்றைக்குச் சிரித்தவர்கள்.

நன்மைக்கு வரிசை எழுந்தது. அபினா அப்பாவின் கையைப் பிடித்து, ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு போனாள். கிளாரா பெஞ்சிலேயே இருந்துவிட்டாள். செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லாமல் நன்மை வாங்க அவளுக்குத் துணிவில்லை. பீடத்துப் பக்கத்தில் போனதும் பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நீ வரல்லியா?"

தலைகள் திரும்பின. கிளாராவுக்குப் பழையபடி காது சுட்டது. அது போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை.

"நீ வாங்கு மக்கா," என்றாள். இரணியல் தெருக்களில் மீன் விற்ற குரல் அது. தாழ்த்திச் சொன்னாலும் பீடம்வரை கேட்டது. ஃபாதர் காத்திருந்தார். அபினா ஆமென் சொல்லி வாயைத் திறந்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் காலை ஆட்டி முன்பெஞ்சை இடித்துக்கொண்டே இருந்தாள். முன்னால் இருந்த பெண் இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்தபோது, கிளாரா குனிந்து சொன்னாள். "அவளுக்கு அனங்காம இருக்க ஒக்காது. ஏ.டி.எச்.டி. எண்ணு ஒண்ணு உண்டு. மருந்து குடிக்கா. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க." அந்தப் பெண் தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் பிள்ளையை மரியஜானோடு அனுப்பினாள். ஃபாதர் உடுப்பை மாற்றிவிட்டு வந்து, பாவங்களைக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்தார். கிளாரா முழங்காலிட்டாள். சேலையில் மீன் வாடை இருந்தது. எதில் தொடங்குவதென்று தெரியவில்லை. மாத்திரையைச் சொல்லலாம், புருஷனிடமும் டீச்சரிடமும் சொன்ன பொய்யைச் சொல்லலாம், அறைந்ததைச் சொல்லலாம். அவையெல்லாம் டாக்டரிடமும் டீச்சரிடமும் சொல்லியாயிற்று. சொல்லாத ஒன்று அதற்குக் கீழே கிடந்தது. கம்பிவலைக்கு அப்பால் ஃபாதர் பொறுமையாக இருந்தார்.

"பிள்ளை செரியாயிட்டா எண்ணு எல்லாருக்கிட்டயும் சொல்லிட்டு நடந்தேன் ஃபாதர்," என்றாள் கடைசியில். "செரியாவல்ல. பசிச்சு வாடித்தான் அடங்கிக் கிடந்தா. பானையை வழிச்சு நக்குவா. எனக்கு அப்பவே தெரியும்."

மழையின் இரைச்சலில் அவருக்குக் கேட்டிருக்காது என்று தோன்றியது. இன்னொரு தடவை சொன்னாள்.